மாட்டுக்கு ஓட்டு இல்லை

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு நாள் நமது பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குடிமையியல் பாடம் நடத்திக் கொண்டிருந்தோம். ஜனநாயகம் என்றால் என்ன, அதன் வகைகள் எத்தனை, வயது வந்தோர் வாக்குரிமை என்பது யாது என்பவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டாயிற்று. "சந்தேகம் உண்டா?" என்று வழக்கம்போல் கேட்டோம். வழக்கம்போல் எவனுக்கும் சந்தேகம் இல்லை. மணி அடிக்கும் தறுவாயில் கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்தான். தினந்தோறும் கால்மணி நேரம் தாமதமாக வந்து, வாசற்படியில் நின்று தலையைச் சொறிகிற பையன் அவன்.

"ஸார், ஓட்டுப் போட ஒரு நாள் போதும். மிச்சமுள்ள ஐந்து வருஷமும் ஜனங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்றான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்து மழுப்பிவிட்டு வெளியே வந்தோம். ஆனால் வீடு போய்ச் சேரும்வரை அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோம். அதில் அதற்கு விடை இல்லை. இருபது வருஷ காலமாக இதே பாடத்தை நடத்தி வருகிற நமக்கு இந்தக் கேள்வி ஒரு தடவையாவது தோன்றாமற் போயிற்றே என்று வெட்கமாகவும் இருந்தது. மறுநாள் வகுப்பில் டென்மார்க்கு தேசத்தின் கதையைச் சொன்னோம். அதையே சற்று விரிவாக வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

டென்மார்க்கு என்றதும் சிலருக்கு வெண்ணெய் ஞாபகத்துக்கு வரும். ஆங்கில நாடகம் படித்தவர்களுக்கு ஹாம்லெட் இளவரசன். குழந்தைகளுக்கு ஆண்டர்ஸனுடைய கதைகள். தேசப் படத்தில் ஜெர்மனியின் உச்சந்தலையில் முடிந்த குடுமியைப் போல நீட்டிக் கொண்டிருக்கும் சிறு நாடு அது. பக்கத்திலே சில தீவுகள். பரப்பு தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு. ஜனத்தொகை சுமார் 60 லட்சம். மலை என்று சொல்லத்தக்க மலை கிடையாது. திருச்சி மலைக்கோட்டையைப் போல் ஏறக்குறைய இரண்டு பங்கு உயரமுள்ள ஒரு மேடுதான் அந்நாட்டின் சிகரம். நிலக்கரி இல்லை, இரும்பு இல்லை. இத்தகைய நாட்டுக்கு 1864-ஆம் வருஷத்தில் ஒரு பெரிய இடி விழுந்தது.

பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்து அதன்மேல் படையெடுத்தன. அந்த வருஷம் ஏப்ரல் 18-ந் தேதி டிப்பல் என்ற இடத்தில் டேனிஷ் சேனை முறியடிக்கப்பட்டது. ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன், லாவன்பர்க் ஆகிய பிரதேசங்கள் பறிபோயின. ராஜ்யத்தின் மூன்றில் ஒரு பங்குக்குமேல் போயிற்று. டேனிஷ் பாஷை பேசும் ஜனங்கள் சுமார் இரண்டு லட்சம் பேர் அந்நியக் கொடியின் கீழ் அகப்பட்டுக் கொண்டார்கள். வல்லரசுகள் அனுதாபம் தெரிவித்தன. ஒன்றும் உதவிக்கு வரவில்லை. தேசமே இனி இருக்குமா என்று கற்றவர்கள் சந்தேகப்பட்ட காலம் அது.

அப்போது டேனிஷ்காரர்கள் பட்டாளத்தைப் பெருக்கிப் பழிவாங்கப் புறப்பட்டிருக்கலாம். அப்படிப் பேசியவர்களும் இருந்தார்கள். ஆனால் நடந்தது வேறு. டால்காஸ் என்ற எஞ்சினீயர் 1866-இல் ஒரு சங்கத்தை ஸ்தாபித்து, ஜட்லாந்துப் பகுதியில் முட்புதர் மண்டிக் கிடந்த பொட்டல் காடுகளில் நீர் பாய்ச்சவும் மரம் நடவும் ஆரம்பித்தார். இங்கிலாந்துடன் நேரடியாக வியாபாரம் செய்வதற்காக மேற்குக் கடற்கரையில் மணல் மேடாகக் கிடந்த எஸ்பியர்க்கில் ஒரு துறைமுகம் எழுந்தது. இவை வெளிக்கண்ணுக்குத் தெரிந்த வேலைகள்.

தெரியாத வேலை ஒன்று அதற்கு முன்பே நடந்து கொண்டிருந்தது. குருண்ட்விக் என்ற பாதிரியார், குடியானவர் வீட்டு வாலிபர்களுக்கென்று தனிப் பள்ளிகள் வேண்டுமென்று எழுதி வந்தார். முதற் பள்ளி 1844-இல் ரோடிங் என்ற ஊரில் தொடங்கியது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள், பயிர் வேலை இல்லாத குளிர்கால மாதங்களில் வந்து தங்கிப் படிப்பார்கள். பிற்காலத்தில் பெண்களுக்குக் கோடையில் வகுப்புகள் நடந்தன. தேச சரித்திரம், தாய்மொழி, பாட்டு, பேச்சு, வாதம் இவையே படிப்பு. பரீட்சை கிடையாது, ஸர்ட்டிபிகேட்டும் கிடையாது. விடைத்தாள் திருத்தியே தலை நரைத்துவிட்ட நமக்கு இந்த வரியை எழுதும்போது சற்றுப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

1864-க்குப் பிறகு ரோடிங் பிரஷ்யாவின் வசத்தில் போய்விட்டது. உபாத்தியாயர்கள் மூட்டை கட்டிக் கொண்டு புதிய எல்லைக்கு இப்பால் வந்து, ஆஸ்கோ என்ற கிராமத்தில் 1865-இல் பள்ளியை மறுபடி தொடங்கினார்கள். அங்கே பௌல் லா கூர் என்ற விஞ்ஞான ஆசிரியர் 1891-இல் ஒரு காற்றாலை கட்டி, காற்றிலிருந்து மின்சாரம் எடுத்துக் காட்டினார். பட்டணங்களில் மட்டும் எரிந்த விளக்குக் கிராமத்திலும் எரிய வேண்டும் என்பது அவருடைய ஆசை. இன்று உலகமெங்கும் காற்றாலைத் தொழிலில் டென்மார்க்கு முன்னணியில் நிற்கிறதென்றால், அதன் பூர்வோத்தரம் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்துக் கொல்லைப்புறத்தில் இருக்கிறது.

இதற்கிடையில் இரண்டாவது இடி வந்தது. 1870-ஆம் வருஷங்களில் அமெரிக்காவிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் ரயிலும் கப்பலுமாக மலிவான கோதுமை வந்து ஐரோப்பாவில் குவியலாயிற்று. தானியம் விற்றுப் பிழைத்த டேனிஷ் குடியானவன் கதி என்ன ஆவது? ஜெர்மனி 1879-இல் அந்நிய தானியத்தின்மேல் வரி போட்டுத் தன் நிலச்சுவான்தார்களைக் காப்பாற்றிக் கொண்டது. டென்மார்க்கு கதவை அடைக்கவில்லை. மலிவாக வருகிற தானியம் வரட்டும். அதை மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டு, வெண்ணெயும் பன்றியிறைச்சியும் இங்கிலாந்துக்கு விற்போம் என்ற வழியைப் பிடித்துக் கொண்டது.

சொல்வது எளிது. பெரிய பண்ணைகளின் வெண்ணெய்க்கு நல்ல விலை இருந்தது. மூன்று மாடு, நான்கு மாடு வைத்திருந்தவன் வீட்டில் எடுத்த வெண்ணெயோ ஒரு நாள் உப்பு, ஒரு நாள் புளிப்பு. கடைக்காரன் சொன்னதே விலை. பாலை ஒன்று சேர்த்துப் பெரிய அளவில் வெண்ணெய் எடுக்கலாமென்றாலும் முடியவில்லை. ஏனெனில், அந்த நாளில் பாலை அகன்ற பாத்திரங்களில் அசையாமல் வைத்து ஆடை மிதக்கும்வரை காத்திருக்க வேண்டும். வண்டியில் குலுங்கி வந்த பாலில் ஆடை சரியாகத் திரளாது. 1878-ஐ ஒட்டி, பாலை வேகமாகச் சுழற்றி ஆடையைத் தனியே பிரிக்கும் யந்திரங்கள் டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் வந்தன. எங்கிருந்து எத்தனை குலுங்கி வந்த பாலானாலும் யந்திரத்துக்குக் கவலையில்லை.

யந்திரம் வந்தது; அதை வாங்கப் பணம்? மேற்கு ஜட்லாந்தில் யெடிங் என்ற இடத்துக் குடியானவர்கள் 1882-இல் கூடிப் பேசி, தேசத்தின் முதல் கூட்டுறவுப் பால் பண்ணையைத் தொடங்கினார்கள். இத்தகைய பண்ணைகளின் ஏற்பாடு மிகவும் எளியது. அங்கத்தினர் எல்லோரும் ஒருவருக்காக எல்லோரும் ஜவாப்தாரி என்று கையெழுத்திட்டுக் கடன் வாங்கினார்கள். வீட்டுக்கு வேண்டியது போக மிச்சப் பால் முழுவதையும் பண்ணைக்கே ஊற்ற வேண்டும். விலை கொஞ்சம் அதிகம் கிடைக்கிறதென்று வேறொருவனுக்கு ஊற்றக் கூடாது. வெண்ணெய் எடுத்த பால் வீட்டுக்குத் திரும்பிவிடும். அதுவே பன்றிக்குத் தீனி. லாபம் ஊற்றிய பாலின் அளவுப்படி பங்கிடப்படும்.

லாபம் பால் அளவுப்படி; ஆனால் ஓட்டு? ஐம்பது மாடு உள்ளவனுக்கு ஐம்பது ஓட்டும், இரண்டு மாடு உள்ளவனுக்கு இரண்டு ஓட்டுமா? இந்தக் கேள்வி எழாமல் இல்லை. டேனிஷ் பாஷையில் தலைக்கும் மாட்டுக்கும் உரிய சொற்கள் ஏறக்குறைய ஒரே ஓசையுடையவை. ஆகவே, தலையை எண்ணுவதா, மாட்டை எண்ணுவதா என்று சிலேடையாகவே பேசிக் கொண்டார்களாம். பெரும்பாலான பண்ணைகளில் தலையே ஜெயித்தது. ஒருவனுக்கு ஒரு ஓட்டு. மாட்டுக்கு ஓட்டு இல்லை.

இந்த ஒரு விதியின் பெருமையை அறிய அக்காலத்து டென்மார்க்கின் அரசியலைப் பார்க்க வேண்டும். 1849-லேயே அந்நாட்டுக்கு ஓர் அரசியல் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் ஓட்டு முப்பது வயது நிரம்பிய, சொந்தக் குடித்தனம் உடைய ஆண்களுக்குத்தான். பண்ணை வேலைக்காரனுக்கு இல்லை. தரும உதவி பெற்ற ஏழைக்கு இல்லை. பெண்களுக்கு அறவே இல்லை. 1866-இல் திருத்திய சட்டம் மேல் சபையைப் பெரிய நிலச்சுவான்தார்களின் கோட்டையாக்கிற்று. 1875 முதல் 1894 வரை பிரதம மந்திரியாக இருந்த எஸ்ட்ரப், கீழ்ச் சபையில் குடியானவர் கட்சிக்கு மெஜாரிட்டி இருந்தும் அதை லட்சியம் செய்யவில்லை. 1885 முதல் பல வருஷங்கள் சபையின் சம்மதமின்றி, தற்காலிகச் சட்டத்தாலேயே வரவு செலவை நடத்தினார்.

தலைநகரில் அவர்கள் ஓட்டுக்கு மதிப்பில்லாத அதே வருஷங்களில்தான் கிராமங்களில் பால் பண்ணைகள் மளமளவென்று பெருகின. 1900-க்குள் சுமார் ஆயிரம் ஆகிவிட்டன. ஆயிரம் ஊர்களில் ஜனங்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கணக்கைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். தண்ணீர் கலந்தவனுக்கு அபராதம் போட்டார்கள். தோற்ற கட்சியும் மறுநாள் காலையில் அதே பண்ணைக்குப் பால் கொண்டு வந்தது. கடைசியாகச் சொன்னதைப் பையன்களுக்கு நாம் இரண்டு தடவை சொன்னோம். தேர்தலில் தோற்றவன் கோபித்துக் கொண்டு பாலை வாய்க்காலில் கொட்ட முடியாதல்லவா? மாடு கட்சி பார்த்துக் கறப்பதில்லை.

1887-இல் ஜெர்மனி உயிருள்ள பன்றிகளை உள்ளே விடுவதில்லை என்று தடுத்தபோது, பழகிப்போன அந்தக் கைகளுக்கு வழி தெரிந்திருந்தது. அதே வருஷம் ஹோர்ஸென்ஸ் நகரில் கூட்டுறவு முறையில் இறைச்சிச் சாலை ஏற்பட்டது. 1895-இல் முட்டை ஏற்றுமதிக்கும் ஒரு சங்கம் கண்டார்கள். ஒவ்வொரு முட்டையின்மேலும் கொடுத்தவனைக் காட்டும் எண் குத்தப்பட்டது. லண்டனில் காலைச் சிற்றுண்டி மேஜையில் ஒரு முட்டை கெட்டுப் போயிருந்தால், அது எந்த ஊரில் யார் வீட்டுக் கோழி இட்டது என்று கண்டுபிடித்துவிடலாம். நமது மளிகைக் கடைக்காரரிடம் இதைச் சொன்னோம். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

1901-ஆம் வருஷத் தேர்தலில் நிலச்சுவான்தார்களின் கட்சிக்குக் கீழ்ச் சபையின் 114 இடங்களில் 8 மட்டுமே கிடைத்தன. அதற்குமேல் ராஜாவாலும் தடுக்க முடியவில்லை. மெஜாரிட்டிக்குப் பொறுப்பான மந்திரி சபை அமைந்தது. அதில் கல்வி, சமய இலாகாக்களை ஏற்றவர் ஜே. ஸி. கிறிஸ்டென்ஸன். மேற்கு ஜட்லாந்தில் கிராமப் பள்ளி உபாத்தியாயராக இருந்தவர். 1905-இல் பிரதம மந்திரியும் ஆனார். இதை நாம் சற்று அழுத்திச் சொல்வதை வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

எல்லாம் குறைவற நடந்தது என்று எண்ணிவிடலாகாது. மாட்டுக்கு ஓட்டு இல்லை என்றார்களே தவிர, மாடே இல்லாதவனுக்கும் பண்ணையில் ஓட்டு இல்லை. கூலி வேலை செய்தவன் வெளியேதான் நின்றான். அவர்களிற் சிலருக்குச் சிறு நிலம் வாங்கச் சர்க்கார் கடன் கொடுக்கும் சட்டம் 1899-இல்தான் வந்தது. வெண்ணெய் எடுப்பது தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் கைவேலை. யந்திரம் வந்ததும் அது ஆண்களின் உத்தியோகமாகிவிட்டது. அந்தப் பெண்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் பார்லிமெண்டு ஓட்டு 1915-இல் கிடைத்தது. முதல் பண்ணை தோன்றி முப்பத்து மூன்று வருஷம் சென்ற பிறகு!

இனி எல்லைக்கு வருவோம். முதல் உலக யுத்தத்தில் ஜெர்மனி தோற்றது. யுத்தத்தில் சேராதிருந்த டென்மார்க்குக்கு 1864-இல் இழந்ததை மீட்க வாய்ப்புக் கிடைத்தது. எல்லையை ஜனங்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வது என்று ஏற்பாடாயிற்று. 1920 பிப்ரவரி 10-ந் தேதி வடக்கு ஷ்லெஸ்விக்கில் நூற்றுக்கு 75 பேர் டென்மார்க்கை விரும்பினார்கள். மார்ச்சு 14-ந் தேதி அதற்குத் தெற்கேயுள்ள பகுதியில் நூற்றுக்கு 80 பேர் ஜெர்மனியை விரும்பினார்கள். பிளென்ஸ்பர்க் என்ற அழகிய துறைமுகப் பட்டினம் அந்தப் பகுதியில் இருந்தது. ஓட்டு என்ன சொன்னாலும் பிளென்ஸ்பர்க் நமக்கு வேண்டும் என்று கோபன்ஹேகனில் ஒரு கூட்டம் கூவிற்று. ராஜா பத்தாம் கிறிஸ்டியனும் அதற்குச் செவிசாய்த்து, ஒப்புக்கொள்ளாத மந்திரி சபையைக் கலைத்துவிட்டார். தொழிலாளர்கள் பொது வேலை நிறுத்தம் செய்வதாக எச்சரித்தார்கள். குடியரசுக் கோஷமும் கேட்டது. சில நாட்களில் ராஜா பணிந்தார். எல்லை, ஜனங்கள் போட்ட ஓட்டின்படியே நின்றது. இன்றும் அங்கேயே நிற்கிறது.

இதிலுள்ள லாபம் பின்னால்தான் தெரிந்தது. ஹிட்லர் 1940-இல் டென்மார்க்கைப் பிடித்தபோதும் அந்த எல்லைக் கோட்டை மாற்றவில்லை. யுத்தம் முடிந்து ஜெர்மனி வீழ்ந்து கிடந்த வேளையில், தெற்கு ஷ்லெஸ்விக்கைச் சேர்த்துக் கொள்ளலாமே என்று மறுபடி பேச்சு எழுந்தது. டேனிஷ் சர்க்கார் இசையவில்லை. 1955-இல் இரு தேசங்களும் தத்தம் எல்லைக்குள் வாழும் மற்ற பாஷைக்காரர்களின் உரிமைகளை மதிப்பதாக அறிக்கைகள் வெளியிட்டன. எல்லைக்கு வடக்கே ஜெர்மன் பள்ளிகளும் தெற்கே டேனிஷ் பள்ளிகளும் நடக்கின்றன. இருதரப்பிலும் ரத்தம் சிந்திய பூமி அது.

வெண்ணெயும் வெளிநாட்டுக் கொள்கையும் எவ்வளவு நெருங்கிய உறவினர் என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்வதா என்று 1972 அக்டோபர் 2-ந் தேதி டேனிஷ் ஜனங்களின் ஓட்டுக் கேட்கப்பட்டது. பக்கத்து நார்வே ஒரு வாரத்துக்கு முன்புதான் வேண்டாம் என்றிருந்தது. டென்மார்க்கில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஓட்டுச் சாவடிக்கு வந்தார்கள். நூற்றுக்கு 63 பேர் சேர்வோம் என்றார்கள். தங்கள் சரக்கை வாங்கும் பெரிய வாடிக்கைக்காரனான பிரிட்டனும் அதே சமயத்தில் சேர்ந்தது முக்கிய காரணம். வேடிக்கை என்னவென்றால், பிரிட்டன் 2020-இல் வெளியேறிவிட்டது. டென்மார்க்கு இன்னும் உள்ளே இருக்கிறது. 1992-இல் புதிய ஐரோப்பிய உடன்படிக்கை ஒன்றை அதே ஜனங்கள் மயிரிழை வித்தியாசத்தில் நிராகரித்து, சில விதிவிலக்குகள் பெற்ற பிறகே மறு வருஷம் ஏற்றார்கள்.

யெடிங் பண்ணையில் இப்போது பால் ஊற்றுவதில்லை. அது பொருட்காட்சிச் சாலையாகிவிட்டது. ஊருக்கு ஊர் இருந்த பண்ணைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் பல தேசத்து விவசாயிகளுக்குச் சொந்தமான ஒரு பெருஞ் ஸ்தாபனமாயின. விலையில் லாபம் இருக்கலாம். ஆனால் ஊர் மண்டபத்தில் எழுந்து நின்று, "இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை" என்று சொன்னவனுடைய குரல் அத்தனை பெரிய கட்டடத்தில் எவ்வளவு தூரம் கேட்கும் என்பது நமக்கு ஐயமாகவே இருக்கிறது.

நமது நாட்டிலும் இந்த விதை விழாமல் இல்லை. 1904-இல் இந்தியக் கூட்டுறவுச் சட்டம் வந்த அதே வருஷத்தில் திருவள்ளூருக்கருகே திரூரில் ஒரு கடன் சங்கம் பதிவாயிற்று. நமது பாட்டனார்கள் ஐக்கிய நாணய சங்கம் என்று சொன்னது இதைத்தான். குஜராத்தில் கேடா ஜில்லாக் குடியானவர்கள், பால் வியாபாரத்தில் தங்களை அழுத்தி வந்த ஏகபோகத்தை எதிர்த்து, சர்தார் படேலின் யோசனைப்படி 1946-இல் சொந்தச் சங்கம் கண்டார்கள். திரிபுவனதாஸ் படேல் தலைமை வகித்தார். 1949-இல் வந்து சேர்ந்த குரியன் எஞ்சினீயர் அதை வளர்த்தார். அந்த மாதிரியையே பின்னர் தேசமெங்கும் பரப்பினார்கள். தமிழ்நாட்டில் ஆவின் என்ற பெயரில் காலையில் நம் வீட்டு வாசலில் வந்து விழும் பால் உறை, கிராமத்துச் சங்கங்களிலிருந்து புறப்பட்டு வருவதே. அங்கேயும் விதி ஒன்றுதான்: மாடு எத்தனையானாலும் அங்கத்தினருக்கு ஒரு ஓட்டு.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது, கேள்வி கேட்ட பையன் மெள்ளச் சொன்னான்: "ஸார், எங்கம்மா சொஸைட்டிக்குத்தான் பால் ஊற்றுகிறாள். நான்தான் தினம் கொண்டு போவேன்." அவன் தினமும் தாமதமாக வருவதன் காரணம் அன்றுதான் நமக்குத் தெரிந்தது. கேட்டுத் தெரிந்து கொள்ள இரண்டு வருஷம் ஆயிற்று.

"உன் அம்மா அங்கத்தினரா?" என்றோம். தெரியாதென்றான். ஒரு வாரம் கழித்து, அட்டை கிழிந்த துணைவிதிப் புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்தான். அம்மாவின் பெயர் அங்கத்தினர் பதிவேட்டில் பதினோரு வருஷமாக இருக்கிறதாம். வருஷந்தோறும் பேரவைக் கூட்டம் நடந்ததாகவும் புஸ்தகத்தில் இருக்கிறதாம். பால் ஊற்ற வரும்போது காரியதரிசி ஒரு நோட்டை நீட்டுவார். அம்மா கையெழுத்துப் போடுவாள். அதுதான் கூட்டம் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

சென்ற மாதக் கூட்டத்துக்கு அந்த அம்மாள் போயிருந்தாள். பையனும் வாசலில் நின்றானாம். எழுந்து பேசவில்லை, உட்கார்ந்தபடியே ஒன்று கேட்டாளாம்: "பாலில் டிகிரி எத்தனை, கொழுப்பு எத்தனை என்று பார்க்கிறீர்களே, அதை ஏன் என் காதில் போடுவதில்லை? பட்டுவாடா அன்றைக்குத்தானே ரூபாய் குறைவது தெரிகிறது?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லையாம். பிறகு பக்கத்திலிருந்த இரண்டு பெண்களும் அதையே கேட்டார்களாம். வருகிற முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு வேளைக்கும் சீட்டு எழுதிக் கொடுப்பதாகத் தலைவர் சொல்லி, அதை நோட்டில் எழுதினாராம்.

முதல் தேதி வர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. சீட்டைக் கொண்டு வந்து காட்டுகிறேன் என்று பையன் சொல்லியிருக்கிறான்.